முன் பாக்கி

உயிலில் குணசீலன் என்னை இப்படி எழுதியிருந்தார்:
"சொத்தைப் பிரித்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டியவர்
பூங்கோதை, என் முன்னாள் மனைவி.
ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்கமாட்டாள்."
கடைசி வரியைத் தாண்டிப் போனார் வக்கீல்.
நான் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டேன்.

எனக்கென்று எழுதியது அவ்வளவுதான். வேலை.

மர்பி டவுன் கடையில் நீள நோட்டு, அறுபத்தைந்து.
செலவில் அதுதான் முதல் வரி.
அப்புறம் நினைவு வந்தது, ஈமச் செலவுதான் முதலில் வரவேண்டும்.
அடித்தேன்.
கல்பள்ளி மயானம், வண்டி, பூ,
எலும்பு பொறுக்கியவருக்கு ஐந்நூறு
என்று ஆரம்பித்து
நோட்டை அதற்குக் கீழே இறக்கினேன்.

வரவு:
அல்சூர் வங்கியில் வைப்பு மூன்று.
ஹொஸ்கோட்டேயில் முப்பதுக்கு நாற்பது சைட்,
ஈ-கட்டா இன்னும் ஆகவில்லை.
ஸ்கூட்டர் ஒன்று,
வண்டியைவிட ஆர்.சி. புத்தகம் நல்ல நிலையில்.

வங்கியில் மூன்று தடவை "நாளெ பன்னி" என்றார்கள்.
மூன்று தடவையும் ஆட்டோக்காரர் மீட்டர் போடவில்லை.
ரசீது இல்லாததைச் செத்தவர் தலையில் எழுத முடியாது.
அது என் பையோடு போயிற்று.

ஓசூரிலிருந்து தம்பி மகன்கள் வந்தார்கள்.
பீரோவைப் பார்த்தார்கள், பிறகு என்னை.
"பெரியப்பா மோதிரம்?"
அடகுச் சீட்டைக் காட்டினேன்.
மீட்டு, விற்று, பாதிப் பாதி என்றேன்.
பெரியவன் சரி என்றான்.
சின்னவன் மட்டும்
மோதிரத்தின் எடையைக் கேட்காமல்
அளவைக் கேட்டான்.

ஜெசிந்தா டீ கொண்டுவந்தாள்.
கடைசி ஒன்பது வருடம் அவரோடு இருந்தவள்.
என்னை எப்படிக் கூப்பிடுவதென்று இரண்டு நாள் தவித்து
"மேடம்" என்று முடிவு செய்திருந்தாள்.
அவளுக்கு ஒரே சந்தேகம்:
அவர் போன பிறகு நாய்க்கு வாங்கிய கோழிக்கால்
யார் கணக்கு?
நாயும் சொத்துதான், அதைக் காப்பது நிர்வாகச் செலவு,
கிலோ நூற்றிருபது, பில் இருந்தால் கொடுங்கள் என்றேன்.
இருந்தது. எல்லாம் இருந்தது, கிளிப் போட்டு.
நாய் என் செருப்பை முகர்ந்துவிட்டு
அதன்மேலேயே படுத்துக்கொண்டது.

பங்குக்கு முன்னால் கடன்.
யாருக்கு என்ன தரவேண்டும் என்று
ஃபாக்டரி டைரிகளை இறக்கினேன்.
முதல் பக்கம்: ரத்த வகை, பாலிசி எண்,
அதன் கீழே
"பூங்கோதைக்கு 8,100".

கேம்பிரிட்ஜ் லேஅவுட் வீட்டைக் காலி செய்த நாள்.
பத்து மாத அட்வான்ஸ் பதினெட்டாயிரம்.
பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு
மீதியை ஓனர் இவர் கையில் கொடுத்தார்.
அதில் பாதி என்னுடையது.
மறந்திருந்தேன்.
இல்லை. கேட்கவில்லை.

இருபத்திரண்டு டைரி.
ஒவ்வொரு ஜனவரியும் உட்கார்ந்து பிரதி எடுத்திருக்கிறார்,
மு.பா. 8,100.
ஒரு வருடம் பச்சை மையில்.
ஆபரேஷன் ஆன வருடம் கை நடுங்கி
ஒரு சுழி கூடுதலாக விழுந்து, அதை அடித்திருக்கிறார்.
வட்டி சேர்க்கவில்லை.
அந்த வீட்டிலிருந்து என் வீட்டுக்கு ஒரே பஸ்,
மாறக்கூட வேண்டாம்.

"காலாவதியான கடன் மேடம், மூன்று வருடம்தான்.
வழக்குப் போட முடியாது.
நிர்வாகி மனசு வைத்தால் கொடுக்கலாம்" என்றார் வக்கீல்.
என் கடனுக்கு நானே மனசு வைக்கவா?
பங்குதாரர்களிடம் காகிதத்தை நீட்டினேன்.
ஜெசிந்தா பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே
சின்னவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

எடுத்துக்கொண்டேன்.

ஐயாயிரத்துக்கு மேல், எனவே ரெவின்யூ ஸ்டாம்ப்.
கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து,
பெற்றவர் என்ற இடத்தில், ஸ்டாம்பில் ஏறி இறங்கி, இன்னொன்று.
இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

ஸ்டாம்ப் ஒரு ரூபாய்.
அதை எழுதாமலே மொத்தம் போட்டிருக்கிறேன்.
மூன்று பக்கத்தையும் அடித்து
மேலிருந்து மறுபடி கூட்டுகிறேன்.
மணி இரண்டே முக்கால்.
எதிர்வீட்டில் யாரோ மோட்டாரை அணைக்க மறந்து
தண்ணீர் வழிகிறது.